பதிப்புரிமை கையில் இல்லாதவர்கள் வென்றது எப்படி

கேள்வி இது: "சோசலிஸ்டுகள் தனியுடைமையை எதிர்க்கிறீர்கள். பதிப்புரிமையும் தனியுடைமைதான். அப்படியிருக்க, ஏஐ நிறுவனங்கள் புத்தகங்களையும் ஓவியங்களையும் எடுத்து இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் ஏன் 'திருட்டு' என்று கத்துகிறீர்கள்? சொத்துக்குக் காவல்காரர்களாக எப்போது மாறினீர்கள்?"

குத்தல் இருக்கிறது, ஆனாலும் கேள்வி நியாயமானது. இடதுசாரிகளான என் பக்கத்து ஆட்கள் பலர் இதற்கு மழுப்பலாகத்தான் பதில் சொல்கிறார்கள். 'திருட்டு' என்ற சொல்லை நான் விட்டுவிடவே விரும்புகிறேன். அதைக் கையில் எடுத்த உடனே, யாருடைய சொத்து, எத்தனை ஆண்டுக்கு, எந்த நீதிமன்றத்தில் என்று பேச்சு வழக்கறிஞர்களின் கைக்குப் போய்விடுகிறது. உழைப்பைப் பற்றிப் பேச வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். நான் மொழிபெயர்ப்பாளன். ஒப்பந்தப் பத்திரங்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத்தாள்கள், இயந்திரக் கையேடுகள் ஆகியவைதான் என் பிழைப்பு. ஏஐ பற்றி யாரும் பேசாத காலத்திலேயே எங்கள் தொழிலில் 'டிரான்ஸ்லேஷன் மெமரி' என்ற மென்பொருள் வந்துவிட்டது. நான் மொழிபெயர்க்கும் ஒவ்வொரு வாக்கியமும் மூலத்தோடு ஜோடியாக அதில் சேமிக்கப்படும். அடுத்த வேலையில் அதே வாக்கியம் வந்தால் பழைய மொழிபெயர்ப்பு தானாக வந்து நிற்கும். வசதிதான். அந்த வசதி யாருக்கு என்பது பில் போடும்போது தெரியும். முழுவதும் பொருந்திய வாக்கியத்துக்குக் கூலி கிடையாது. ஓரளவு பொருந்தியதற்குப் பாதிக் கூலி.

ஒருமுறை ஒரு மருந்துக் குறிப்பில், "மருத்துவரைக் கேட்காமல் இந்த மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்" என்ற வாக்கியம் பச்சை நிறத்தில் வந்து நின்றது. பச்சை என்றால் முழுப் பொருத்தம், காசு இல்லை என்று அர்த்தம். அந்த வாக்கியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'திடீரென' என்பதா, 'இடையில்' என்பதா என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நோயாளி அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று வீட்டில் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டி, ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதியது. என் கூலியைக் குறைக்க என் வாக்கியமே வந்து நிற்கிறது! இதில் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின்படி எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

இறந்த உழைப்பு, அதாவது இயந்திரத்தில் உறைந்திருக்கும் கடந்தகால உழைப்பு, உயிருள்ள உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்று மார்க்ஸ் எழுதியதை மாணவப் பருவத்தில் படித்தபோது, நூற்பாலையையும் நீராவி இயந்திரத்தையும்தான் கற்பனை செய்துகொண்டேன். அது உடம்பில் உறைத்தது அந்தப் பச்சை வாக்கியத்தைப் பார்த்தபோதுதான்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் செய்திருப்பதும் இதையேதான். உலகம் எழுதியது முழுவதையும் அள்ளி, யாரிடமும் கையெழுத்து வாங்காமல் செய்திருக்கின்றன. கையெழுத்து வாங்காதது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? என் பச்சை வாக்கியத்தில் கையெழுத்து இருக்கத்தான் செய்தது.

பதிப்புரிமை என்ற சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். (பத்திரிகைகள் பல இதையும் 'காப்புரிமை' என்றே எழுதுகின்றன, அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது, வேறு சட்டம்.) படைப்புரிமை என்றோ எழுத்துரிமை என்றோ நாம் சொல்வதில்லை, பதிப்பவரின் உரிமை என்றே சொல்கிறோம். வரலாறும் அப்படித்தான். இங்கிலாந்தில் அது முதலில் லண்டன் புத்தக வணிகர் குழுமத்தின் ஏகபோகமாக இருந்தது. 1710இல் வந்த ஆன் அரசியின் சட்டம்தான் முதன்முதலாக உரிமையை எழுத்தாளரின் பெயரில் எழுதியது. 14 ஆண்டுகள், எழுத்தாளர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. பெயர் மாறியதே தவிர நடப்பு மாறவில்லை. விற்கக்கூடிய உரிமையைப் பசியோடிருப்பவன் கையில் கொடுத்தால் அவன் விற்றுவிடுவான். வாங்கியவர்கள் பழைய புத்தக வணிகர்களே.

ஆங்கிலக் கவி மில்டன் 1667இல் 'பாரடைஸ் லாஸ்ட்' என்ற தன் பெருங்காவியத்தைப் பதிப்பாளரிடம் கொடுத்தபோது கையில் வாங்கியது 5 பவுண்டு. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்ததும் இன்னொரு 5. அவர் மறைந்த பிறகு 1680இல் அவர் மனைவி மிச்சமிருந்த உரிமையையும் 8 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். இந்த 5 பவுண்டை மார்க்ஸ் ஓரிடத்தில் எடுத்துப் பேசுகிறார். பட்டுப்பூச்சி பட்டு நூற்பதைப் போல மில்டன் எழுதினார், அது அவர் இயல்பு. ஆனால் ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பதிப்பாளரின் கட்டளைக்கு நூல்களைத் தயாரித்துத் தள்ளும் இலக்கியப் பாட்டாளி வேறு ரகம், அவன் உழைப்பு தொடக்கத்திலிருந்தே மூலதனத்துக்குக் கட்டுப்பட்டது என்கிறார். படைப்புத் தொழிலில் இருக்கும் நம்மில் பெரும்பாலோர் லைப்சிக் ஆட்கள். பட்டுப்பூச்சிக்கு எழுதிய சட்டத்தை வைத்துக்கொண்டு பாதுகாப்புத் தேடுகிறோம்.

அந்தச் சட்டம் இன்று என்ன பெற்றுத் தருகிறது என்று பார்ப்போம். 2025 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், எழுத்தாளர்கள் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னார். நிறுவனம் லட்சக்கணக்கான அச்சுப் புத்தகங்களை, பெரும்பாலும் பழைய பிரதிகளாக, விலைக்கு வாங்கியிருந்தது. அவற்றின் முதுகை வெட்டி, தாள்களைப் பிரித்து, ஸ்கேன் செய்து, மிச்சத்தைக் கழித்துப் போட்டது. இதுவும் இதை வைத்துப் பயிற்சி கொடுத்ததும் நியாயப் பயன்பாடு, அதாவது அனுமதி வாங்காமலே செய்யச் சட்டம் விடும் பயன்பாடு, என்றார் நீதிபதி. கள்ளத் தளங்களிலிருந்து இறக்கிச் சேர்த்துவைத்த நூல்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் பேரில்தான் 150 கோடி டாலர் சமரசம் வந்தது. ஏறத்தாழ 5 லட்சம் நூல்கள், நூலுக்குச் சுமார் 3,000 டாலர். அதிலும் பதிப்பகத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவு செய்யாத நூல்கள் பட்டியலிலேயே இல்லை.

தலைப்புச் செய்தியில் தொகை பெரிதாகத் தெரிந்தது. தீர்ப்பைக் கொஞ்சம் திருப்பிப் படியுங்கள். அந்த நிறுவனம் கள்ளப் பிரதியை விட்டுவிட்டு, தொடக்கத்திலேயே பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வாங்கியிருந்தால் செலவு அதோடு முடிந்திருக்கும். பழைய பிரதி கைமாறும்போது எழுதியவருக்கு ராயல்டி கிடையாது. ஒரு சல்லிக்காசு கொடுக்காமல், சட்டத்துக்கு உட்பட்டு, அதே புத்தகம் அதே இயந்திரத்துக்குள் போயிருக்கும். அந்த இயந்திரம் அந்த எழுத்தாளரின் அடுத்த வாய்ப்பைப் பறித்தால், அது அந்த வழக்கின் கணக்கில் வராது. அதே வாரத்தில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா மட்டும் இந்தப் பக்கம் வந்தார். இயந்திரம் உற்பத்தி செய்யும் நூல்கள் சந்தையில் வெள்ளமாய்ப் பாய்ந்தால் அது எழுத்தாளருக்கு நேரும் கேடுதான் என்றார்; ஆனால் சான்று போதவில்லை என்று வழக்கு மெட்டாவுக்கே சாதகமாக முடிந்தது.

"அப்படியானால் சட்டத்தைக் கடுமையாக்குங்கள், உரிமம் வாங்காமல் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள்" என்பது அடுத்த வாதம். உரிமம் வாங்கினால் பணம் யாருக்குப் போகிறது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. 2024இல் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் தாய் நிறுவனம், மைக்ரோசாஃப்டுக்குத் தரவு அணுகல் கொடுத்துத் தொடக்கத் தொகையாக 1 கோடி டாலர் பெற்றது. கட்டுரைகளை இலவசமாக எழுதிக் கொடுத்த பேராசிரியர்கள் பலருக்கு விஷயமே பிறகுதான் தெரியும். அதே ஆண்டு பெரிய இசை நிறுவனங்கள், பாட்டுத் தயாரிக்கும் ஏஐ நிறுவனங்களான சுனோ, உடியோ மீது கலைஞர்களின் பெயரால் வழக்குப் போட்டன. 2025 இறுதிக்குள் யூனிவர்சல் உடியோவோடும், வார்னர் சுனோவோடும் ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிக்கொண்டன. வழக்கு கலைஞரின் பேரில், பேரம் பங்குதாரரின் பேரில். நிலம் வைத்திருப்பவர் குத்தகை வாங்குகிறார். உழுதவர் வரப்பில் நிற்கிறார்.

இதற்கு நேர் எதிராக ஓர் இடம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் அதுதான்.

ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்களிடம் பதிப்புரிமை கிடையாது. கூலிக்குச் செய்த படைப்பு என்ற வகையில், சட்டத்தின் கண்ணில் படத்தின் 'ஆசிரியர்' ஸ்டுடியோவே. திருட்டு என்று வழக்குப் போட அவர்களுக்கு வழியே இல்லை. ஆனால் அவர்களிடம் சங்கம் இருந்தது. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள் வேலைநிறுத்தம். சுமார் 11,500 பேர். வாங்கிய ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அச்சுப்பிழை அளவுக்குச் சின்னதாகத் தெரியும்: ஏஐ உருவாக்கிய எழுத்தை 'மூலப்படைப்பு' என்று கணக்கிடக் கூடாது.

இது ஏன் முக்கியம்? ஸ்டுடியோ ஓர் ஏஐ வரைவைக் கையில் கொடுத்து, "கதை தயாராகிவிட்டது, நீங்கள் கொஞ்சம் செப்பனிட்டால் போதும்" என்று சொன்னால், எழுத்தாளர் முதல் வரைவுக்கான தொகையை இழந்து, திருத்தி எழுதுபவருக்கான சிறிய தொகைக்கு இறங்கிவிடுவார்; பெயரும் பங்கு போடப்படும். அந்தப் பிரிவு இந்தப் பள்ளத்தை அடைத்துவிட்டது. வரைவு இயந்திரத்திலிருந்து வந்தாலும் கூலி முழு எழுத்துக்கே. ஏஐயைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. கொடுக்கும் பொருளில் ஏஐ எழுத்து இருந்தால் நிறுவனம் சொல்லியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏனென்றால் நாங்கள் அந்தப் பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டோம். இன்று எனக்கு வருவது மொழிபெயர்ப்பு வேலையே அல்ல. 'இயந்திரம் செய்துவிட்டது, ஒரு பார்வை பார்த்தால் போதும்' என்ற வேலை. கூலி மூன்றில் ஒரு பங்கு. முன்பெல்லாம் இயந்திரம் ஒப்பந்தப் பத்திரத்தில் 'முதல் தரப்பினர்' வர வேண்டிய இடத்தில் 'முதல் கட்சி' என்று போட்டுவிட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கூட்டணிப் பேச்சுவார்த்தையாக்கிவிடும், சிரித்துக்கொண்டே திருத்தலாம். இப்போது அப்படியில்லை. நடை வழுக்கிக்கொண்டு போகிறது. பதினேழாம் பக்கத்தில் ஓர் 'அல்லாத' மட்டும் காணாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். அதாவது மொழிபெயர்க்க வேண்டும். பார்வைக்குக் கூலி, மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பு.

இதைவிடப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. இடதுசாரிகளே அதிகம் பேசாதது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும், அமெரிக்கத் திரையரங்குகளில் மௌனப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் வேலையிழந்தார்கள். பிறகு இசைத்தட்டும் வானொலியும் மிச்சத்தை விழுங்கத் தொடங்கின. ஒருவர் ஒருமுறை வாசித்ததைத் தட்டில் பிடித்து, அவருடைய தோழர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இது என் பச்சை வாக்கியத்தின் கொள்ளுத்தாத்தா. இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் உறுப்பினர்கள் யாரும் வணிக இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று அறிவித்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகைகள் அவரைச் சர்வாதிகாரி என்று திட்டின. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், கம்பெனிகள் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் வைத்துத் தட்டு வெளியிட்டுப் பார்த்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேண்டிக் கேட்டும் பெட்ரில்லோ அசையவில்லை. 1943இல் இசைத்தட்டுக் கம்பெனியான டெக்கா இறங்கி வந்தது. 1944 நவம்பரில் ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இறங்கின.

அவர்கள் கேட்டு வாங்கியது விநோதமானது. வாசித்தவருக்குத் தனித்தனி ராயல்டி கேட்கவில்லை. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் கம்பெனி ஒரு சிறு தொகையைச் சங்கத்தின் நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து வேலையில்லாத கலைஞர்களுக்குக் கூலி கொடுத்துப் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் கச்சேரி, மக்களுக்கு இலவசம். இயந்திரத்தை உடைக்கவில்லை, தடைசெய்யவில்லை, உரிமை என்று தனி ஆளுக்குப் பட்டா எழுதிக் கேட்கவுமில்லை. இயந்திரம் மிச்சப்படுத்திய உழைப்பின் பலனில் ஒரு பங்கை, அதனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் திருப்பினார்கள். சங்கங்களைக் கட்டுப்படுத்த வந்த 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் சங்கமே நிதியை நடத்துவதைத் தடுத்தது. ஏறத்தாழ 1948 முழுக்க மறுபடி ஒரு பதிவு நிறுத்தம் நடத்தி, தனி அறங்காவலரின் கீழ் அதை மீட்டார்கள். குறையே இல்லாத ஏற்பாடும் அல்ல. "தட்டில் வாசிப்பது நாங்கள், பணம் மட்டும் எங்கோ போகிறதே" என்று 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக் கலைஞர்கள் சங்கத்துக்குள்ளேயே கலகம் செய்தார்கள். அந்தச் சண்டை நமக்கும் காத்திருக்கிறது. பயிற்சித் தரவில் பெயர் இருப்பவர்களும், அதனால் வேலை இழந்தவர்களும் ஒரே ஆட்கள் அல்லர்.

இப்போது உங்கள் கேள்வியின் கூர்முனைக்கு வருகிறேன். அறிவு பொதுச்சொத்து இல்லையா? ஆமாம். என் வாக்கியம் எனக்கு முன் எழுதிய ஆயிரம் பேரின் வாக்கியங்களிலிருந்து வந்தது. அதற்குத் தனியாளாகப் பட்டா கேட்க எனக்கே கூச்சம். எழுத்தை மக்களுக்கு விடுவிப்பது எப்படி என்பதற்குத் தமிழிலேயே வழி உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் பதிப்புரிமையைக் கையகப்படுத்தியது. பின்னர் அது பொதுவுக்கு விடப்பட்டது. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள், வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கப்பட்டன. பாரதியை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

ஏஐ நிறுவனங்கள் செய்வதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடுக்கும்போது 'அறிவு அனைவருக்கும் பொது' என்கிறார்கள். எடுத்துச் செய்த மாதிரியைப் பெரும்பாலும் பூட்டி வைத்து, சந்தா வசூலிக்கிறார்கள். போதாததற்கு, 'எங்கள் இயந்திரம் தரும் வெளியீட்டைக் கொண்டு எங்களுக்குப் போட்டியான மாதிரிக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது' என்று பயன்பாட்டு விதியில் எழுதிவைக்கிறார்கள்! பொது மேய்ச்சல் நிலத்தில் புகுந்தவர், வெளியே வரும்போது வேலியோடு வருகிறார். பதிப்புரிமையை ஒழிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒழிய வேண்டும். தொழிலாளிக்கு மட்டும் பொதுவுடைமை, முதலாளிக்குத் தனியுடைமை என்ற ஏற்பாட்டுக்கு சோசலிசம் என்று பெயரில்லை.

இன்னொரு கூட்டத்தையும் மறந்துவிடக் கூடாது; படைப்பாளிகள் வசதியாக மறக்கும் கூட்டம் அது. சாட்ஜிபிடி வெளிவருமுன் அதன் நச்சுப் பேச்சை வடிகட்ட, கென்யாவில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த பத்திகளைப் படித்து வகைப்படுத்தினார்கள். கையில் கிடைத்தது மணிக்கு 1.32 முதல் 2 டாலர் வரை என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. அவர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் பெயரே கிடையாது. படைப்பாளிகளின் கோரிக்கை 'என் பாணி, என் நடை' என்பதோடு நின்றால், இவர்கள் வெளியே நிற்பார்கள்.

என்னதான் கேட்க வேண்டும்? என் பட்டியல் குட்டையானது. விட்டுக்கொடுக்க முடியாத பங்கு வேண்டும். இந்தியச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது: திரைப்பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கை, வாரிசுக்கோ வசூல் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது. பெயருக்குப் பதிப்புரிமைச் சட்டம். உள்ளுக்குள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் தர்க்கம். பசியோடிருப்பவன் விற்க முடியாதபடி ஓர் உரிமையைக் கொடுப்பது. அடுத்தது, பொது நிதி. ஒலிப்பதிவுக் கருவிகளின் மீது, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஜெர்மனி ஒரு தீர்வைக் கட்டணம் வசூலித்துப் படைப்பாளிகளுக்குப் பங்கிடுகிறது. நூலக இரவலுக்காக எழுத்தாளர்களுக்கு 1946 முதல் டென்மார்க் பணம் தருகிறது. ஏஐ வருவாயின் மீது இப்படி ஒரு தீர்வை போடுவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. பொதுப் பணத்திலும் பொதுத் தரவிலும் உருவாகும் மாதிரிகள் பொதுவிலேயே இருக்க வேண்டும் என்பதும் கேட்க வேண்டியதுதான். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தனித்தனியாக வேலை செய்பவர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை வேண்டும். அமெரிக்காவில் இன்றும் தனி ஒப்பந்த எழுத்தாளர்கள் சேர்ந்து விலை பேசினால், போட்டிச் சட்டம் அதை வணிகர்களின் கூட்டுச்சதியாகப் பார்க்கும் அபாயம் இருக்கிறது.

கடந்த ஆண்டு என் ஏஜென்சி ஒன்று புதிய ஒப்பந்தம் அனுப்பியது. ஒன்பதாவது பிரிவு: 'ஒப்பந்ததாரர் வழங்கும் அனைத்து உள்ளடக்கத்தையும் இயந்திரக் கற்றல் பயிற்சிக்கு எந்தக் கூடுதல் தொகையுமின்றிப் பயன்படுத்தலாம்.' அந்த வரியை அடித்து அனுப்பினேன். 'அப்படியானால் உங்களுக்கு வேலை அனுப்ப இயலாது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதே ஏஜென்சிக்கு வேலை செய்யும் மற்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ஒரே டிரான்ஸ்லேஷன் மெமரியில் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் திருத்திக்கொண்டே ஆண்டுக்கணக்காக வேலை செய்திருக்கிறோம், பெயர் தெரியாமல். கோப்புகளில் இருந்த பயனர் பெயர்களை வைத்து ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். மூன்று வாரம் ஆனது. பதினான்கு பேரில் பதினொரு பேர் ஒரே நாளில் அதே வரியை அடித்துத் திருப்பி அனுப்பினோம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணம் பாக்கி, அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள் யாருக்கும் வேலை வரவில்லை. பதினோராம் நாள் திருத்திய ஒப்பந்தம் வந்தது. ஒன்பதாவது பிரிவு எடுக்கப்பட்டிருந்தது. இயந்திரத் திருத்தத்துக்கான கூலி அதே மூன்றில் ஒரு பங்குதான். அதைப் பற்றி அடுத்து என்ன செய்வது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.